கியரக்காவின் சீட்

பிற்பகல் மூன்றரை மணிக்குச் செய்தி வந்தபோது அவர் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் குழாயிலிருந்து சொட்டிய நீர் ரோட்டில் நீளமாகக் கோடு போட்டிருந்தது. டாஷ்போர்டில் மாட்டியிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன்மா, இன்னும் ரெண்டு சிக்னல்தான். கண்ணாடி கிடைக்கல. பீரோ, மெஷின் டிராயர், அடுப்பு மேடை எல்லாம் தேடிட்டேன். எங்க வச்சாள்னு அம்மாகிட்ட கேளு. வேணும்னா திரும்பிப் போய்ப் பாத்துட்டு வரேன்."

 "வண்டிய ஓரமா நிறுத்துங்கப்பா" என்றாள் மகள்.

வேறு எதுவும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விளக்கு பச்சையானது. தண்ணீர் லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவருடைய இடது கால், இல்லாத கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்தது. வாய், பக்கத்தில் ஆள் இருப்பது போல, "ஒண்ணு" என்றது. பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் வண்டி தானாக நகர்ந்தது. அது யாரும் ஒண்ணு போட வேண்டாத வண்டி.

அந்த "ஒண்ணு" யாருக்குச் சொன்னது என்று தெரிய வேண்டுமானால் அவர் மனைவியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவள் தையல்காரி. துணி தைப்பவள் அல்ல. கார் சீட் தைப்பவள். நகரத்தின் பெரிய சீட் கவர் கடை ஒன்று ரெக்ஸினை வெட்டிக் கட்டுக் கட்டாக வீட்டுக்கு அனுப்பும், அவள் தைத்துத் திருப்பி அனுப்புவாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு வந்த வேலை எல்லாம் பாவாடைதான். கியர் கம்பியைச் சுற்றி, அடியிலிருந்து குமிழ் வரைக்கும் கூம்பாக மடிந்து நிற்கிற உறைக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. நாலு துண்டை உள்பக்கமாக வைத்து அடித்து, சட்டென்று வெளியே புரட்டினால் பாவாடை தயார். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில், ஜன்னலை ஒட்டிய மெஷினில், அவள் தைத்துக் குவித்த பாவாடைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு கியரைக்கூட அவள் கையால் தொட்டதில்லை.

அவர் அப்போது மருந்து விநியோகிக்கும் கம்பெனி ஒன்றில் டிரைவர். ஒருநாள் கிடங்கில் சரக்கு இறக்கும்போது மேல் அடுக்கிலிருந்து ஒரு மரப்பெட்டி சரிந்து அவருடைய இடது தோளில் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சேரவில்லை. விரல்கள் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொள்ளும், டம்ளரை மடியில் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இழுக்காது, தள்ளாது. கம்பெனி வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து தன் வண்டியை வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டு போவதற்குச் சல்யூட் அடிக்க முடியாது என்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. வெளியூருக்குப் போன அண்ணன் விட்டுவிட்டுப் போனது. தினமும் காலையில் அதைத் துடைப்பார். உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் வலது கையை வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் இறங்குவார். கியர் இல்லாத கார் அந்நாளில் இல்லாமல் இல்லை. பெரிய ஹோட்டல் வாசலில் யாராவது பணக்காரர் இறங்கும்போது பார்க்கலாம். நம்முடைய கைக்கு எட்டுகிற சமாசாரமாக அது இல்லை.

ஒரு விடுமுறை நாள் அவள் மெஷினை மூடிவிட்டு வந்து, காரின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சின்னக் குழந்தையாக இருந்த மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்தாள்.

"எங்க போகணும்?" என்றார் அவர்.

"சந்தைக்குப் பின்னால காலி மைதானம் இருக்குல்ல, அங்க. நீங்க கால் வேலையப் பாருங்க. நான் கை வேலையப் பாக்கறேன்."

"கியர்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"இத்தன பாவாடை தைச்சவளுக்கு இடுப்பு எங்க இருக்குன்னு தெரியாதா? பேசாம சாவியப் போடுங்க."

மைதானம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகத் தெருவில் நாலு பேர் கை கொடுத்தார்கள். அங்கே போனதும் கார் தவளை மாதிரி தத்தியது, இருமியது, நின்றது. ஒவ்வொரு தத்தலுக்கும் பின் சீட்டில் இருந்து மகள் "இன்னொரு தடவ!" என்று கத்தினாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ரெண்டுன்னு சொன்னேன், நாலு போட்டுட்டியே!"

"ரெண்டும் நாலும் பக்கத்து வீடுதானே. ஒரு எட்டு பாத்துட்டு வந்தேன்."

"விருந்தாளியா போற நேரமா இது?"

இருட்டுவதற்குள் கார் மைதானத்தைத் தத்தாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டது. இறங்கியதும் அவள் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். குமிழில் போட்டிருந்த கோடுகள் அதில் அச்சாக விழுந்திருந்தன.

அதற்கப்புறம் அவள் சீட் கவர் கடை முதலாளியிடம் போய், தைத்த கவர்களை ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையைத் தன் புருஷனுக்குக் கேட்டாள். முதலாளி நல்ல மனுஷன், ஆனால் பயந்த சுபாவம்.

"ஏம்மா, ரெண்டு பேர் சேந்து ஒரு வண்டி ஓட்டறது எங்கயாவது உண்டா?"

"ரெண்டு பேர் சேந்து ஒரு குடும்பம் ஓட்டறோமே மொதலாளி. அதுக்கு மட்டும் யார்கிட்ட பழகினோம்?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையும் கிடைத்தது.

முதல் சில மாதம் அவர் வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்ப ரெண்டு. ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய இடது முழங்கால் எழும்புவதை அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். எஞ்சின் முக்கினால் இறக்குவாள், மூச்சு வாங்கினால் ஏற்றுவாள். கை பிரேக்கும் வைப்பரும் அவள் பங்கு. ஸ்டீயரிங்கும் ஹாரனும் அவர் பங்கு. ஹாரன் விஷயத்தில் மட்டும் அவள் தலையிடுவாள்: "போதும், அந்தாளு செவிடு இல்ல." ஒர்க்‌ஷாப்புகளில் அவளுக்குக் கியரக்கா என்று பெயர் விழுந்தது. அவருக்கு விழுந்த பெயர் கியரக்கா வீட்டுக்காரர்.

ஒரு தடவை நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரமாகவே அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"யார்யா வண்டி ஓட்டறது?"

"நான்தான் சார்."

"அப்ப இந்தம்மா என்ன பண்றாங்க?"

"கியர் போடறாங்க சார்."

போலீஸ்காரர் அவருடைய லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "இந்தம்மாவோட லைசென்ஸ்?"

"கியருக்குத் தனியா லைசென்ஸ் உண்டா சார்?" என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். போலீஸ்காரர் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

"சரி, ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை வந்தா?"

"சண்டை வந்தா வண்டி வீட்லயே நிக்கும் சார். ரோட்டுக்கு வராது."

போலீஸ்காரர் தன் எதிரில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். இன்னொரு சுற்று என்றார். அந்த இரண்டாவது சுற்று விசாரணைக்கு இல்லை, ரசிப்பதற்கு என்று முகத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சல்யூட் உண்டு.

சண்டை வந்தால் வண்டி வீட்டிலேயே நிற்கும் என்று அவள் போலீஸ்காரரிடம் சொன்னது சுத்தப் பொய். சண்டை பெரும்பாலும் வண்டியில்தான் வரும். ஒருநாள், மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மறந்துபோயிருந்தார். குழந்தை மேடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாம். மறுநாள் காலை சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒண்ணு போட்டாள், ரெண்டு போட்டாள், அதோடு கையை மடியில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் கதறியது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள்.

"மூணு போடு."

கை மடியை விட்டு எழவில்லை.

"எஞ்சின் பாவம்டி, மூணு போடு."

"எஞ்சின் பாவமா? என் பொண்ணு பாவமில்லையா? தப்புன்னு சொல்லுங்க, போடறேன்."

வழியில் இருந்த நீளமான பாலம் முழுவதையும் அவர்கள் ரெண்டிலேயே கடந்தார்கள். பாலம் முடிகிற இடத்தில் அவர், "தப்புதான்" என்றார். மூணு விழுந்தது. அன்றைக்கு அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது என்று அவர் பிற்பாடு சொல்வதுண்டு. "தப்புதான், மூணு போடு" என்பது அந்த வீட்டில் ஒரு பேச்சாகிவிட்டது. டீயில் சர்க்கரை மறந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு இதில் என்ன செலவாயிற்று என்று அவர் ரொம்ப காலம் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் அவள் காய்ச்சலோடு வந்து உட்காருவாள். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது ஒரு மாதம் கூட இருக்க ஆசைப்பட்டாள், ரெண்டு ராத்திரி இருந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். "வண்டி நிக்குமே" என்று அவளே சொன்னாள். அவரும் ஆமாம் என்றார். காரில் போகிற மற்ற பெண்கள் ஜன்னலில் சாய்ந்து தூங்குவார்கள், கடைகளைப் பார்ப்பார்கள், பழம் உரிப்பார்கள். அவள் அந்த நகரத்தை இத்தனை வருஷம் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியும், பார்த்தது எல்லாம் முன் கண்ணாடியும் அவருடைய முழங்காலும்தான்.

காலம் மாறியது. முதலில் ஒர்க்‌ஷாப்பில் எப்போதாவது ஒன்று நின்ற ஆட்டோமேட்டிக் வண்டி, அப்புறம் வரிசைக்கு ஒன்றானது, அப்புறம் வரிசையே அதுவானது. கிளட்ச் இருக்கிற வண்டி வந்தால் இளம் மெக்கானிக்குகள் கூடி நின்று பார்த்தார்கள். கடையிலிருந்து வருகிற கட்டுகளில் பாவாடை குறைந்துகொண்டே வந்து ஒருநாள் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"புது வண்டிக்காரங்க யாரும் பாவாடை கேக்கறதில்லக்கா" என்றார் முதலாளி. அவருக்கும் வயதாகி, அவளையே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"ஏன், எல்லாம் பேன்ட்டுக்கு மாறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் சீட் கவர் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்காக அவள் ஒன்றும் வருந்தவில்லை. சீட் எல்லா வண்டியிலும் உண்டே.

வருந்தியவர் அவர்தான். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: ஒத்தைக் கையால் ஓட்டலாமே, ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொள்ளலாமே. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்ட மகள், தான் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சாக்கு சொன்னார். அது உயிரில்லாத வண்டி என்றார். மேட்டில் இழுக்காது என்றார். ஒருநாள் மகள் விடாமல் கேட்டபோது, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்:

"அந்த வண்டில உங்கம்மா எதுக்கு வரணும்?"

மகள் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவள் வலது மணிக்கட்டில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "வலி தாங்கலங்க. இனிமே கியர் போட முடியாது. பேசாம அந்த வண்டியவே எடுத்துடலாம்."

"வலி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். சரியாகிற வரைக்கும் வண்டி நிக்கட்டும்."

"சரியாகலன்னா?"

"ஆகும்."

வண்டி நின்றது. ரெண்டு வாரம் போல நின்றிருக்கும். அவர் பழையபடி ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பேப்பர் படித்தார். ஒரு சாயங்காலம் டீ கேட்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் மெஷினில் உட்கார்ந்து தடிமனான ரெக்ஸினை வலது கையால் இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டைத் துணி இடது மணிக்கட்டில் இருந்தது.

"வலி அந்தப் பக்கம் குடி போயிடுச்சா?" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். இடது கை. தைப்பதற்கு இடைஞ்சல் என்று அவிழ்த்தவள், திரும்பச் சுற்றும்போது கவனிக்கவில்லை. சட்டென்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் அவள் மெஷினை மிதிக்கவில்லை.

"உக்காருங்க" என்றாள். "கைக்கு ஒண்ணும் இல்ல. வயித்துலதான்."

எப்போதிலிருந்து தெரியும், டாக்டர் என்ன சொன்னார், மகளுக்கு மட்டும் ஏன் சொன்னாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒளித்ததற்கு மன்னிப்பு கேட்கவில்லை. கடைசியில் இதைச் சொன்னாள்:

"நான் போயிட்டா நீங்க மறுபடியும் அந்தக் கார்ல உக்காந்து பேப்பர் படிப்பீங்க. நிக்கற வண்டில. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க தனியா ஓட்டிட்டுப் போறத நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவர் மெஷினுக்கு அடியில் கிடந்த நூல்கண்டைக் குனிந்து எடுத்து வைத்தார். பிறகு, "தப்புதான்" என்றார். எது தப்பு என்று அவள் கேட்கவில்லை.

பழைய காரை வாங்கிக்கொண்டு போக வந்த ஆளுக்குக் கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியவில்லை. அதனால் அவர்களே கொண்டுபோய் அவன் இடத்தில் விட்டார்கள். அன்றைக்குப் பேச்சு அதிகம் இல்லை. பாலத்தில் மட்டும் அவள் வேண்டுமென்றே கொஞ்ச தூரம் ரெண்டிலேயே விட்டாள். நிறுத்தியதும் ஒண்ணில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, "யாராவது தள்ளினாலும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

புதுக் கார் வந்தது. பாவாடை இல்லாத கியர். நாலைந்து எழுத்து, ஒரு கைப்பிடி. முதல் நாள் மகள் பின்னால் உட்கார, அவர் ஓட்ட, அவள் தன் சீட்டில் இருந்தாள். தெரு முனை தாண்டி வேகம் எடுத்ததும் எஞ்சின் லேசாக மூச்சு வாங்கியது. அந்தச் சத்தத்துக்கு அவள் கை காத்திருந்தது போல. அனிச்சையாக எட்டிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். கியர் நியூட்ரலுக்குப் போய், எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்ட, வண்டி சோர்ந்துபோய் ஓரத்துக்கு உருண்டது.

"அம்மா!"

"நான் என்னடி பண்ணட்டும், அது கூப்பிட்டுச்சு, போட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள், வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

ஆனால் சீக்கிரமே அவளுக்கு அந்த வண்டி பிடித்துப்போயிற்று. அதுதான் அவர் எதிர்பார்க்காதது. முழங்காலைப் பார்க்க வேண்டாம் என்றானதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கட்டடம் எப்ப வந்துச்சு?"

"நாம கல்யாணம் பண்றதுக்கு முன்னாலேர்ந்து இருக்கு."

"அந்த மாடில ஒரு பொம்பள கிளி வளக்கறா பாருங்க. ஐயோ, அந்தக் கடைல எவ்வளவு பாத்திரம்! இத்தன நாளும் என்னை எந்த ஊர்ல ஓட்டிட்டு இருந்தீங்க?"

அவருக்குச் சின்னப் பொறாமைகூட வந்தது. கிளி வளர்ப்பவளைப் பார்க்கிற நேரத்தில் தன் பக்கம் திரும்பினால் என்ன என்று. ஒருநாள் மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் பேச்சு நின்றது. பார்த்தால், தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கை மடியில் மல்லாந்து கிடந்தது. அவள் வண்டியில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. வீட்டு வாசல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. பிரேக் போட்டால் விழித்துக்கொள்வாள் என்று தெருவைத் தாண்டிப் போய், சந்தையைச் சுற்றி, பாலத்தைச் சுற்றி, பெட்ரோல் விளக்கு எரிகிற வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தார். விழித்ததும் அவள், "வீடு அவ்வளவு தூரமா?" என்றாள்.

"ட்ராபிக்" என்றார்.

அந்தக் காருக்கு சீட் கவர் தைக்க ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் தைத்தவள் நம் வண்டிக்குக் கடையில் வாங்குவதா என்றாள். முடிகிற நாட்களில் மெஷினில் உட்காருவாள், முடியாத நாட்களில் படுத்துக்கொண்டு கையால் ஓரத்தை மடிப்பாள். டிரைவர் சீட் கவரை முதலில் முடித்து, தானே வந்து மாட்டி, சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டாள். "உங்க பக்கம் முடிஞ்சுது. எம்பக்கம் மெதுவா தைச்சுக்கலாம்" என்றாள்.

தனியாக ஓட்டுவதை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றார். கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் மகள் முன்னால் உட்கார்ந்து வந்தாள். அதற்கப்புறம் கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. அவர் வீட்டுக்குப் போய் வர பஸ்ஸில் ஏறினார்.

"காரை வெயில்ல காயவிட்டுட்டு பஸ்ல போறாரு உங்கப்பா" என்று கட்டிலில் இருந்தபடி அவள் மகளிடம் புகார் சொன்னாள். "கம்பியப் புடிச்சுக்கக் கை இல்லாத மனுஷனுக்கு பஸ் எதுக்குடி?"

அவர் காதில் விழாதது போலத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தி வந்த நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போன பிறகு அவரைக் கூப்பிட்டாள். குரல் நன்றாகவே இருந்தது. "தூரத்துல பாக்கற என் கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன். எதுத்தாப்ல இருக்கற டிவி ஒரே கலங்கலா தெரியுது. எடுத்துட்டு வரீங்களா?"

"சாயங்காலம் போறேன்."

"இப்ப வேணும். பஸ்ல போனா ஆடி அசஞ்சு வருவீங்க. கார்ல போங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். காரில் ஏறி, காலியான இடது சீட்டைப் பார்க்காமல், பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சரி செய்தார். கை வேலை ஒன்றே ஒன்று, கியரை நகர்த்துவது, அதை வலது கையால் எட்டிச் செய்தார். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்.

வீட்டில் தேடு தேடு என்று தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் திரும்பினால் என்ன சொல்வாளோ என்ற யோசனையோடு வந்து கொண்டிருந்தபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு.

மகள் சொன்னபடி அவர் ஓரமாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியாது என்று தோன்றியது. மீதி இருந்த ரெண்டு சிக்னலையும் கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் அதே இடத்தில் காரை விட்டார். மாடி ஏறினார். மகள் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கையில் அந்தக் கண்ணாடி இருந்தது.

"எங்கம்மா கிடைச்சுது?"

"இங்கதான்பா இருந்துச்சு. தலகாணிக்கு அடில வச்சிருந்தாங்க."  கண்ணாடியை விரித்து மடக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க கீழ இறங்கினதும் என்னை ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டாங்க. நீங்க கார எடுத்து, திருப்பி, கேட்டத் தாண்டி, அந்த வளைவுல மறையற வரைக்கும் பாத்தாங்க. அவங்க வலது கை மட்டும் கியர் போடற மாதிரி அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், 'நல்லாத்தான் ஓட்டறாரு'ன்னாங்க. 'ஆனா திரும்பற எடத்துல ஹாரன் அடிச்சாரு பாரு, அங்க யாரு இருக்கா?'ன்னாங்க. வந்து படுத்துக்கிட்டாங்க. தூங்கறாங்கன்னுதான் நெனச்சேன்."

அவர் கண்ணாடியை வாங்கி, நல்ல கையால் மடக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மயானத்தில் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வீட்டுக்குக் கிளம்பும்போது மகள் பக்கத்துச் சீட்டில் உட்காரவா என்று கேட்டாள். வேண்டாம், பின்னால் படுத்துக்கொண்டு வா, நீயும் தூங்கி எத்தனை நாளாச்சு என்றார். அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் அந்த மாடியில் கிளிக்கூண்டு வெளியேதான் தொங்கியது. அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

காரில் டிரைவர் சீட்டுக்கு மட்டும் கவர் இருக்கிறது. இடது சீட்டின் கவர் வீட்டில், ஜன்னலை ஒட்டிய மெஷினில் இருக்கிறது. மூன்று பக்கம் ஓரம் அடித்தாகிவிட்டது. நாலாவது பக்கம் மடித்துக் குண்டூசி குத்தியிருக்கிறது, அடிக்கவில்லை.